மகள் என்னிடம், மகன் அவரிடம்: கோர்ட் யாரிடம் ஒப்படைக்கும்?

கேள்வி: எனக்கு வயது 33. கணவருடன் ஒத்துவராமல் எட்டு மாதங்களாகத் திருச்சியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். நான்கு வயது மகள் என்னோடு இருக்கிறாள். ஒன்பது வயது மகன் கோவையில் அவன் அப்பா, தாத்தா, பாட்டியோடு இருக்கிறான். நடுவில் படிப்பு கெடக்கூடாது என்றுதான் அவனை அங்கேயே விட்டு வந்தேன். முதல் மூன்று மாதம் போனில் பேச விட்டார்கள், இப்போது அதுவும் இல்லை. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை, மாதம் 19,000 ரூபாய் சம்பளம். அவருக்கு அதைப்போல நான்கு மடங்கு வருமானம். "சட்டப்படி அப்பாதான் கார்டியன். மகளுக்கு ஐந்து வயது முடியட்டும், அவளையும் கோர்ட் என்னிடமே கொடுத்துவிடும்" என்கிறார். இது உண்மையா? மகனைப் பள்ளியிலிருந்தே நேராக அழைத்து வந்துவிடலாம் என்கிறார் என் அண்ணன். நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

முதலில் அந்தப் பள்ளிக்கூட யோசனையைக் கைவிடுங்கள். தங்கை படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் உங்கள் அண்ணன் சொல்கிறார், புரிகிறது. பெற்ற தாய் பிள்ளையை அழைத்துப் போனால் அது கடத்தல் வழக்காக நிற்பது கடினம் என்பதும் உண்மைதான். ஆனால் நாளைக்கு நீங்கள் நீதிபதி முன் நிற்கும்போது, எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து நீட்டும் முதல் காகிதம் அன்றைக்கு நடந்ததைப் பற்றிப் பள்ளி முதல்வர் எழுதிய கடிதமாக இருக்கும். வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அழுத பையனை ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள் என்று அதில் ஒரு வரி இருந்தால் போதும். ஐந்து மாதமாகத் தாயின் குரலைக்கூடக் கேட்க விடாமல் வைத்திருப்பது இன்று அவர் பக்கத்துக் குற்றம். ஒரே மதியத்தில் அது உங்கள் பக்கத்துக் குற்றமாக மாறிவிடும்.

இனி உங்கள் கணவர் சொல்வதைப் பார்ப்போம். நீங்கள் இந்து திருமணச் சட்டத்தின்படி மணமானவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அவர் சொல்வதில் அரை உண்மை இருக்கிறது, அதனால்தான் அது உங்களைப் பயமுறுத்துகிறது. இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956, பிரிவு 6 "தந்தை, அவருக்குப் பிறகு தாய்" என்றுதான் இயற்கைக் காப்பாளரை, அதாவது கார்டியனைக் குறிப்பிடுகிறது. அந்தப் "பிறகு" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கீதா ஹரிஹரன் எதிர் ரிசர்வ் வங்கி வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. தந்தை இறந்த பிறகு என்று மட்டும் அதற்குப் பொருள் இல்லை. அவர் இல்லாத நிலையில், அதாவது குழந்தையின் காரியங்களை அவர் கவனிக்காத நிலையிலும் தாயே காப்பாளர். இதைவிட முக்கியமானது அதே சட்டத்தின் பிரிவு 13. காப்பாளர் யார் என்று முடிவு செய்யும்போது குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது, அந்த நலனுக்கு ஒத்துவராவிட்டால் பிரிவு 6 காட்டும் உறவு முறையை வைத்து மட்டும் யாரும் உரிமை கொண்டாட முடியாது என்கிறது அது. பிரிவு 6-ஐப் படித்துக் காட்டுகிறவர்கள் பிரிவு 13 வரை வருவதில்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். காப்பாளர் என்பது வேறு, கஸ்டடி என்பது வேறு. குழந்தையின் சொத்து, வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட், பெரிய மருத்துவ முடிவு போன்றவற்றில் சட்டப்படி கையெழுத்துப் போடுகிறவர் காப்பாளர். குழந்தை யார் வீட்டில் தூங்கி எழுகிறது, யார் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புகிறார் என்பது கஸ்டடி. தந்தை காப்பாளராகத் தொடரலாம், கஸ்டடி தாயிடம் இருக்கலாம். அப்படியும் தீர்ப்புகள் வருகின்றன. ஆகவே "நான்தான் கார்டியன்" என்ற வாக்கியத்துக்கு, "சரி, பிள்ளை எங்கே வளர வேண்டும் என்பது அடுத்த கேள்வி" என்பதுதான் நீதிமன்றத்தின் பதில்.

ஐந்து வயதுக் கணக்கும் இதே கதைதான். ஐந்து வயது முடியாத குழந்தையின் பொறுப்பு "சாதாரணமாக" தாயிடமே இருக்க வேண்டும் என்று பிரிவு 6 சொல்கிறது. 2015-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு இன்னும் வலு சேர்த்தது: அந்த வயதுக் குழந்தைக்குத் தாய் தன் தகுதியை நிரூபிக்க வேண்டியதில்லை, அவர் தகுதியற்றவர் என்று சொல்கிற தந்தைதான் அதை நிரூபிக்க வேண்டும். ஐந்தாவது பிறந்தநாளுக்கு மறுநாள் குழந்தை தானாகக் கை மாறிவிடும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. மாறுவதெல்லாம் அந்தச் சாதகமான ஊகம் மட்டுமே. அதற்குப் பிறகு இரண்டு பேரையும் சமதளத்தில் நிறுத்திக் குழந்தையின் நலனைப் பார்ப்பார்கள். அந்த நாளில், பிறந்ததிலிருந்து உங்கள் கையில் வளர்ந்த, உங்கள் ஊர் எல்.கே.ஜி.யில் படிக்கிற பெண்ணை எடுத்து வேறு ஊருக்கு அனுப்ப அவர் வலுவான காரணம் காட்டியாக வேண்டும். மகள் விஷயத்தில் நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை.

மகன் விஷயம்தான் கடினம். அதை மறைத்து எழுதினால் உங்களுக்கு நன்மை செய்தவன் ஆகமாட்டேன்.

காப்பாளர் மற்றும் மைனர்கள் சட்டம், 1890, பிரிவு 17 நீதிபதி எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. குழந்தையின் வயது, பால், மதம்; கேட்பவரின் நடத்தையும் திறனும்; உறவின் நெருக்கம்; சுயமாக யோசித்துச் சொல்லும் வயது என்றால் குழந்தையின் விருப்பம். சட்டத்தில் முக்கியமாக இருப்பவை இவை. நடைமுறையில் நீதிபதிகள் இதைக் குழந்தையின் ஒரு நாளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். காலையில் யார் எழுப்புகிறார், மதியச் சாப்பாடு யார் கட்டுகிறார், காய்ச்சல் வந்த இரவில் யார் விழித்திருக்கிறார், பள்ளி டைரியில் யார் கையெழுத்து இருக்கிறது, அந்த வீட்டில் அவனுக்குப் படிக்க ஓர் இடம் உண்டா. இரண்டு வீடுகளில் எதில் அந்த நாள் குலையாமல் ஓடும் என்பதே கேள்வி. அப்பாவுக்கு உரிமையா, அம்மாவுக்கு உரிமையா என்ற கேள்வியைக் கொண்டுபோகிறவர்கள், கேட்கப்படாத கேள்விக்குப் பதில் தயாரிக்கிறார்கள். பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று 1973-ல் ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன வழக்கு அது. இன்றும் குடும்ப நீதிமன்றத் தீர்ப்புகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது.

இந்த அளவுகோலில் உங்கள் மகனைப் பொறுத்தவரை அவர் தரப்புக்கு ஒரு பலம் இருக்கிறது. அதே பள்ளி, அதே நண்பர்கள், அதே வீடு, பழகிய தாத்தா பாட்டி. ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாட்டைக் கலைக்க நீதிமன்றம் தயங்கும், அதுவும் கல்வியாண்டின் நடுவில் மிகவும் தயங்கும். ஒவ்வொரு மாதம் கடக்கும்போதும் அந்தத் தயக்கம் கூடும். நீங்கள் தாமதித்தது இதனால்தான் ஆபத்து.

உங்கள் பக்கமும் பலம் இருக்கிறது. அண்ணன் தங்கையைப் பிரிக்காமல் வளர்ப்பதையே நீதிமன்றங்கள் விரும்பும். இந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும், அவரும் இதையே சொல்லி மகளைக் கேட்கலாம். ஆனால் நான்கு வயதுப் பெண் உங்களிடம் இருப்பதால் இப்போதைக்கு அது உங்களுக்கே சாதகம். அடுத்தது, பேச விடாமல் தடுத்தது. தாயை அறவே காட்டாமல் வளர்த்துவிட்டு "பையன் என்னோடுதான் ஒட்டுதலாக இருக்கிறான்" என்று சொல்வதை நீதிமன்றங்கள் அப்படியே ஏற்பதில்லை. 2017-ல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கில், 21 மாதக் குழந்தையாக இருந்தபோதிலிருந்து தந்தையிடமே வளர்ந்த சுமார் எட்டு வயதான பெண், அப்பாவிடமே இருக்கிறேன் என்றாள். தாயின் அருகாமையே தெரியாத குழந்தை சொல்லும் விருப்பத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்று தாயிடமே ஒப்படைத்தார்கள். ஒரு பெற்றோர் மேல் குழந்தைக்கு வெறுப்பை ஊட்டுவதைப் பற்றி அந்தத் தீர்ப்பு விரிவாகவே பேசுகிறது.

சம்பளத்தை நினைத்துக் கலங்காதீர்கள். வருமானம் பல காரணிகளில் ஒன்று, அதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்பது நிலைபெற்ற சட்டம். அவருக்கு வருமானம் அதிகம் என்றால் அதற்கு நீதிமன்றம் கண்டுபிடிக்கும் வழி, பிள்ளையை அவரிடம் கொடுப்பதல்ல. பிள்ளைகளின் செலவுக்கு அவரைக் கட்ட வைப்பது. கஸ்டடி மனுவோடு பராமரிப்புத் தொகை மனுவையும் போடுங்கள். இருவரும் சொத்து, கடன், வருமானம் பற்றிய முழு விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், தொகை மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும் 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்த விவரப் படிவத்தில் உங்கள் 19,000 ரூபாயை ஒரு ரூபாய் குறைக்காமல் எழுதுங்கள். பி.எஃப்., மகள் பேரில் போடும் சேமிப்பு, அம்மா வீட்டில் வாடகை இல்லை என்பது, எல்லாவற்றையும் எழுதுங்கள். சின்ன விஷயத்தில் மறைத்தது குறுக்கு விசாரணையில் வெளிவந்தால், பெரிய விஷயத்தில் நீங்கள் சொல்லும் உண்மையும் சேர்ந்து அடிபடும்.

வேலைக்குப் போகும் தாய் என்பதும் குறை ஆகாது. ஆனால் மாலை நான்கு மணியிலிருந்து ஆறரை வரை பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார் என்று நிச்சயம் கேட்பார்கள். "அம்மா பார்த்துப்பாங்க" என்று மொட்டையாகச் சொல்லாமல், உங்கள் அம்மாவையே ஒரு பிரமாண வாக்குமூலம் தரச் செய்யுங்கள்.

எந்த ஊரில் வழக்குப் போடுவது? இங்கேதான் பலர் ஆறு மாதத்தைத் தொலைக்கிறார்கள். 1890 சட்டத்தின் பிரிவு 9 படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் நீதிமன்றத்தில்தான் மனுப் போட முடியும். உங்கள் மகள் திருச்சி, மகன் கோவை. மகனுக்காகத் திருச்சியில் அந்தச் சட்டத்தின்கீழ் மனுப் போட்டால், அதிகார வரம்பு இல்லை என்ற ஆட்சேபணை முதல் வாய்தாவிலேயே வரும். இன்னொரு வழி உண்டு. நீங்கள் விவாகரத்தோ, நீதிமன்றப் பிரிவோ (திருமணம் முறியாமல் தனித்து வாழ நீதிமன்றம் தரும் உத்தரவு) கேட்டு வழக்குத் தொடுப்பதாக இருந்தால், மனைவி மனுதாரராக இருக்கும்போது அவர் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 19-ல் 2003-ல் சேர்த்த வசதி அது. அந்த வழக்குக்குள்ளேயே பிரிவு 26-ன் கீழ் இரண்டு பிள்ளைகளின் பொறுப்பையும், பிள்ளையைச் சந்திக்கும் பார்வை உரிமையையும், படிப்புச் செலவையும் சேர்த்துக் கேட்கலாம். வழக்கு நடக்கும்போதே கேட்கும் படிப்பு, பராமரிப்புச் செலவு மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. ஆனால் பிரிந்தே தீர்வது என்று உங்கள் மனம் முடிவு செய்திருந்தால் மட்டும் இந்த வழி. பிள்ளைக்காக வேண்டாத விவாகரத்து வழக்கைத் தொடங்காதீர்கள். அப்போது மகனுக்கான மனுவைக் கோவையில் போடுவதே நேர்மையான வழி. அவர் முந்திக்கொண்டு கோவையில் வழக்குப் போட்டுவிட்டால், நான்கு வயதுக் குழந்தையோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் 200 கிலோமீட்டர் போல வந்துபோக முடியாது என்று காட்டி, வழக்கைத் திருச்சிக்கு மாற்ற உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.

ஆட்கொணர்வு மனுவை (ஹேபியஸ் கார்பஸ்) பற்றியும் யாராவது சொல்வார்கள். பிள்ளை சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டிருந்தால்தான் அது பயன்படும். தந்தையிடம் மகன் இருப்பதை அப்படிச் சொல்ல முடியாது. குடும்ப நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். உங்கள் கடிதத்தில் அடி உதை பற்றி எதுவும் இல்லை. அப்படி இருந்து, எழுதக் கூசி விட்டிருந்தால், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005, பிரிவு 21-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடமே பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பைக் கேட்கலாம். இல்லாததைச் சேர்த்து எழுத மட்டும் யாருக்கும் சம்மதிக்காதீர்கள்.

வழக்குப் போடும் அன்றே இடைக்கால மனுவும் கூடவே போக வேண்டும். பிரதான வழக்கு எதிருரை, சமரசப் பேச்சு, சாட்சி, குறுக்கு விசாரணை என்று நீண்டுகொண்டே போகும். அதுவரை உங்கள் மகன் உங்களைப் பார்க்காமல் இருந்தால், ஜெயித்து வாங்கும் தீர்ப்பில் உயிர் இருக்காது. இடைக்கால மனுவில் மகனின் முழுப் பொறுப்பை மட்டும் கேட்டு நிறுத்திவிட்டால், அது தள்ளுபடியாகும் நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாது. முதலில் தினசரிப் பேச்சு, அடுத்து மாதமிருமுறை சந்திப்பு, அடுத்து விடுமுறையில் தங்கல் என்று படிப்படியாகக் கேளுங்கள். சேர்ந்து வாழாத பெற்றோருடன் பிள்ளை நாள்தோறும் சில நிமிடமாவது போனிலோ வீடியோவிலோ பேச வழி இருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை மனுவிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள்.

உத்தரவின் வாசகம் ரொம்ப முக்கியம். "மனுதாரர் மாதம் இருமுறை குழந்தையைப் பார்க்கலாம்" என்று ஓர் உத்தரவு வாங்கினால் அது வாங்காததற்குச் சமம். எந்த நாள், எந்த மணி, எந்த இடம் என்று இல்லாத உத்தரவை மீறிவிட்டார் என்று யாரையும் குற்றம் சாட்ட முடியாது. "ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு இன்ன இடத்தில் தந்தை குழந்தையை ஒப்படைக்க வேண்டும், மறுநாள் மாலை 5 மணிக்குத் தாய் அதே இடத்தில் திருப்பி ஒப்படைக்க வேண்டும், குழந்தைக்கு உடல்நலமில்லை என்றால் முந்தைய நாளே மருத்துவச் சான்றோடு தெரிவித்து அடுத்த சனிக்கிழமை ஈடுசெய்ய வேண்டும்" என்று இருக்க வேண்டும். போன் என்றால் இரவு 7.30 முதல் 8 வரை, இந்த எண்ணுக்கு, பக்கத்தில் நின்று யாரும் குறுக்கிடாமல் என்று இருக்க வேண்டும். காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறையில் பாதிப் பாதி. பொங்கல் ஒரு வீடு, தீபாவளி மறு வீடு, அடுத்த வருடம் மாற்றி. பிறந்தநாளுக்குத் தனியாக இரண்டு மணி நேரம். பயணச் செலவு யாருடையது. பள்ளி மாற்றுவதற்கும் ஊரை விட்டுக் கொண்டுபோவதற்கும் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்ற வரி. இவ்வளவும் மனுவின் கோரிக்கைப் பகுதியிலேயே இருந்தால்தான் உத்தரவில் ஏறும்.

இன்னொன்றுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் சந்திப்பு பெரும்பாலும் குடும்ப நீதிமன்ற வளாகத்திலேயே, ஆலோசகர் கண்பார்வையில், ஓரிரண்டு மணி நேரமாகத்தான் கிடைக்கும். ஐந்து மாதம் குரல் கேட்காத ஒன்பது வயதுப் பையன் உங்களைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொள்வான் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். "நீதான் என்னை விட்டுட்டுப் போயிட்ட" என்று சொல்லலாம். அது சொல்லிக்கொடுத்த பேச்சாகவும் இருக்கலாம், அவன் மனதில் பட்ட காயமாகவும் இருக்கலாம். எதுவானாலும் பதில் ஒன்றுதான்: "உன்னைப் பார்க்காம அம்மாவுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சுப்பா." அதோடு நிறுத்திக்கொண்டு அவன் பாடம், விளையாட்டு என்று பேச்சை நகர்த்துங்கள். அந்த அறையில் நடப்பதைப் பார்க்கிறவர்கள் அறிக்கை தரக்கூடியவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீதிபதி மகனோடு தனி அறையில் பேசுவார். பெற்றோரும் வக்கீல்களும் வெளியே இருக்க வேண்டும். உனக்கு யாரிடம் இருக்க விருப்பம் என்று நேராகத் தொடங்குவது அபூர்வம். உன் மிஸ் பேர் என்ன, காலையில் ஸ்கூலுக்கு யார் கொண்டுவிடுவா, ராத்திரி பயந்தால் யார் பக்கத்தில் போய்ப் படுப்பே, தங்கச்சியோட என்ன விளையாடுவே என்றுதான் போகும். அந்தப் பதில்களிலேயே வேண்டியது வந்துவிடும். ஒன்பது வயதுப் பிள்ளை வாயிலிருந்து "அம்மாவுக்கு கேரக்டர் சரியில்லை", "பணத்துக்காக கேஸ் போட்டிருக்காங்க" என்று வந்தால், அது யார் வீட்டுக் கூடத்தில் கேட்ட வசனம் என்று நீதிபதிக்குத் தெரியாமல் போகாது. அது ஊட்டினவருக்கே பாதகமாக முடியும். உங்களுக்கும் இதே விதிதான். மகனிடம் அப்பாவைப் பற்றிக் குறை கேட்டு போனில் ஒலிப்பதிவு செய்யாதீர்கள். சாட்சியம் சேர்ப்பதாக நினைத்துப் பெற்றோர் செய்கிற காரியங்களில் பிள்ளையை இவ்வளவு வதைப்பது வேறில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் மதித்துக் கேட்கும். அந்த விருப்பமே தீர்ப்பு ஆகிவிடாது.

காகிதங்களை இந்த வாரமே சேர்க்கத் தொடங்குங்கள். இருவரின் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, மருத்துவர் சீட்டுகள், கோவையில் இருந்தபோது நீங்கள் கையெழுத்திட்ட பள்ளி டைரிப் பக்கங்கள், கட்டணம் கட்டிய ரசீதுகள், சம்பளச் சான்று. "பையனை விட்டுவிட்டு ஓடிப்போனவள்" என்பதுதான் உங்களுக்கு எதிராக வரப்போகும் முதல் வாதம். அதை உடைக்கப் போவது, படிப்பு கெடக்கூடாது என்று நீங்கள் அந்த நாட்களில் அவருக்கு அனுப்பிய செய்திகளும், எடுக்கப்படாத அழைப்புகளின் பட்டியலும்தான். இருக்கிற செய்திகளை அழிக்காமல் வையுங்கள். அச்சிட்டுத் தாக்கல் செய்யும்போது, மின்னணுப் பதிவுகளுக்குப் பாரதிய சாட்சிய சட்டம், 2023, பிரிவு 63 கேட்கும் சான்றையும் இணைக்க வேண்டும். மகனின் பள்ளி முதல்வருக்குத் தாய் என்ற முறையில் ஒரு கடிதம் எழுதி ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்: மதிப்பெண் அட்டையின் நகல், பெற்றோர் கூட்ட நாள் இரண்டையும் தெரிவிக்கும்படி கேளுங்கள். பதில் வராவிட்டாலும் அந்த ஒப்புகை பேசும்.

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைப்பது உரிமை அல்ல, நீதிமன்றத்தின் அனுமதியோடு நடப்பது. பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள் என்றாலும் நீங்கள் நேரில் போக வேண்டிய வாய்தாக்கள் நிறைய இருக்கும். அலுவலகத்தில் இப்போதே சொல்லி வையுங்கள். கட்டணம் கட்ட முடியாவிட்டால், பெண் என்ற ஒரே காரணத்தால், உங்கள் வருமானம் எவ்வளவு ஆனாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இறுதித் தீர்ப்பு பாதகமாக வந்தால் 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. இடைக்கால உத்தரவுக்கு அந்த மேல்முறையீடு கிடையாது, சீராய்வு மனு வழியாகப் போக வேண்டியிருக்கும். தோற்றாலும் கதவு மூடிவிடாது: கஸ்டடி உத்தரவு எதுவும் கல்வெட்டு அல்ல, சூழ்நிலை மாறினால் மறுபடி கேட்கலாம்.

சமரச மையத்துக்கு அனுப்பினால் சடங்காக நினைக்காமல் போங்கள். உங்கள் நிலையில் நல்ல உடன்பாடு ஒன்றுக்கு நியாயமான வாய்ப்பு இருக்கிறது: இந்தக் கல்வியாண்டு முடியும்வரை மகன் கோவையில், மாதமிருமுறையும் விடுமுறைகளிலும் உங்களிடம், ஜூன் மாதம் பள்ளி மாறுவதைப் பற்றி ஏப்ரலில் மறுபடி உட்கார்ந்து பேசுவது. வாரம் இங்கே, வாரம் அங்கே என்ற கூட்டுப் பொறுப்பு ஒரே ஊரில் இருப்பவர்களுக்கு நடக்கும், இரண்டு ஊரில் இருக்கும் பள்ளிப் பிள்ளைக்கு நடக்காது. "ஜீவனாம்சம் கேட்க மாட்டேன், பையனைக் கொடுத்துவிடு" என்ற பேரத்துக்கு மட்டும் போகாதீர்கள். உங்களுக்கான தொகையை விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். பிள்ளையின் செலவுக்கான தொகை பிள்ளையின் உரிமை, நீங்கள் எழுதிக்கொடுத்தாலும் அது போய்விடாது.

வேறு மதத்தைச் சேர்ந்த வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவுத் திருமணம் என்றால் அந்தச் சட்டத்தின் பிரிவு 38. முஸ்லிம்களுக்கு, சன்னி சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபி முறைப்படி மகன் ஏழு வயது வரையிலும், மகள் பருவமடையும் வரையிலும் தாயிடம் வளர்வது வழக்கம். எந்தச் சட்டத்தின் வழியாக வந்தாலும் கடைசியில் நீதிபதி பார்ப்பது பிள்ளையின் நலனைத்தான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எட்டு மாதமாக மகள் அவள் அப்பாவைப் பார்த்தாளா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. பார்க்கவில்லை என்றால், மனு எழுதும்போதே "மகளைத் தந்தை இந்த நாட்களில் பார்க்கவும், போனில் பேசவும் எனக்கு முழுச் சம்மதம்" என்று நீங்களாகவே ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். வழக்குக்கு அது பலம் என்பது ஒரு பக்கம். மறு பக்கம், அவளுக்கு வயது நான்கு. அப்பா எங்கே என்று உங்களிடம் கேட்கத் தொடங்கியிருப்பாள். மகனைப் பார்க்கப் போகும் முதல் சனிக்கிழமை அவளையும் கூட்டிப் போங்கள். அம்மாவிடம் முகம் திருப்பும் பையனும் தங்கையின் கையைப் பிடித்துக்கொள்வான்.